காருக்கடியில் ஒரு தோளுக்கினியான்

மைசூர் அக்ரஹாரத்தில், ராமானுஜ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. கொல்லையில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் 1958ஆம் வருடத்து மாரிஸ் மைனர் நிற்கிறது. அதற்கு அடியில் கோணியை விரித்து மல்லாந்து கிடந்தேன். மூக்குக்கு மேலே ஒரு முழத்தில் கியர்பாக்ஸின் வால்பக்கத்தைத் தாங்கும் கிராஸ் மெம்பர் இருந்தது. ஒரு ஆள் ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய மடித்த இரும்புத் தகடு, அவ்வளவுதான். எல்லா போல்ட்டும் ஏறிவிட்டன, கடைசி ஒன்றைத் தவிர. சட்டத்தின் துளையும் மேலே சேஸின் துளையும் நேர்ப்படவில்லை. மூன்றாம்பிறை அளவுக்கு மட்டும் மரை கண்ணில் பட்டது.

எட்டு மாதத்துக்கு முன் கழற்றியபோது இதே சட்டம் எந்தச் சண்டையும் போடாமல் கையோடு வந்தது. அதே சட்டம், அதே சேஸ், அதே துளைகள். நடுவில் எங்கே போனது அந்த மூன்று மில்லிமீட்டர்?

எனக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் பாய், யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை ஓடிய ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் மோட்டார் சைக்கிள் கட்டியவர். சுத்தியலைத் தேடிய என் கையைப் பார்த்ததும் குனிந்து சொன்னார்: “ஸ்வல்ப இருங்க சார். அடிச்சா ஏறும், ஆனா வண்டி எதுக்கு ஏறலேன்னு சொல்லாமப் போயிடும்.”

அந்த ‘எதுக்கு’வைத் தேடிக்கொண்டு போனதில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. இந்த ஒரு சட்டத்துக்குள் இவ்வளவு இயற்பியல் மடித்து வைத்திருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மைனருக்கு லாரி மாதிரித் தனியாக முழு நீளச் சேஸ் கிடையாது. உடலும் தரைத் தகடும் சேர்ந்தே எலும்புக்கூடு. முன்பக்கத்திலிருந்து இரண்டு பெட்டிச் சட்டங்கள் மட்டும் இன்ஜினின் இருபுறமும் பின்னோக்கி வந்து தரைக்கடியில் முடிகின்றன. அங்கே தகட்டோடு பற்றவைத்த நிரந்தரக் குறுக்குச் சட்டம் ஒன்று உண்டு. முன் சஸ்பென்ஷனின் டார்ஷன் பார்களுக்கு அதுதான் பிடி, அது கழலாது. நான் மாட்டப் போராடியது இன்னொன்று, கழலக்கூடியது. கிளட்ச் தட்டு மாற்றவோ கியர்பாக்ஸைக் கீழே இறக்கவோ வழிவிட வேண்டும் என்பதற்காகவே போல்ட்டில் தொங்கவிடப்பட்டது. எங்கள் தெருப் பழைய வீடுகளின் உத்திரத்தைப் பாருங்கள், சுவரில் ஏறினால் நூறு வருடம் இறங்காது. இந்த உத்திரமோ இறங்கி இறங்கி ஏறவேண்டும், ஏறிய ஒவ்வொரு தடவையும் பழைய இடத்திலேயே போய் உட்காரவேண்டும்.

மூன்று மில்லிமீட்டருக்கு முதல் காரணம் எளிது. இரண்டு பெட்டிச் சட்டங்களையும் கீழே இணைத்துப் பிடித்த கட்டு எட்டு மாதமாக இல்லை. வண்டியோ முன்னால் இரண்டு இடத்தில் மட்டும் முட்டுக்கொடுத்து நின்றது, கதவுகள் திறந்து கிடந்தன. தகட்டு உடல் தன் எடையில் கொஞ்சம் தளர்ந்து, பெட்டிச் சட்டங்கள் கொஞ்சம் அகன்றுவிட்டன. இரும்பு நம் கண்ணுக்குத்தான் அசையாத பொருள். சுமை மாறினால் அதுவும் நகரும். பாய் ஜாக்கிகளைச் சரியான நான்கு இடங்களுக்கு மாற்றி, கதவுகளைச் சாத்தச் சொன்னார். பிறை அரைநிலவாயிற்று. மீதியைத் தடுத்தது, நாங்கள் புதிதாக வாங்கி வைத்த ரப்பர் மவுண்டிங்.

இங்கே ராபர்ட் ஹூக் வருகிறார். லண்டனில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த மனிதரின் இரண்டு கண்டுபிடிப்புகளுக்கு நடுவில்தான் என் கிராஸ் மெம்பர் தொங்குகிறது. 1676இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில் சாய்வாக நிற்கும் இரண்டு தண்டுகளுக்கு இடையே சுழற்சியைக் கடத்தும் இணைப்பை விவரித்திருந்தார். அதே நூலின் முடிவில் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஒரு புதிரும் வைத்தார். இரண்டு வருடம் கழித்து அதை அவரே அவிழ்த்தார்: சுருள்வில்லை எந்த அளவுக்கு இழுக்கிறோமோ அந்த அளவுக்கு அது எதிர்த்து இழுக்கும் என்ற விதி. அந்த இணைப்பைத்தான் நம் ஒர்க்‌ஷாப்பில் ‘யூஜே கிராஸ்’ என்று கேட்டு வாங்குகிறோம். அந்த விதியைத்தான் கியர்பாக்ஸுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில் ரப்பராக வைத்து அமுக்குகிறோம்.

ரப்பரிலிருந்து தொடங்குகிறேன். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை உதறும். ஐடிலில் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் விநாடிக்கு 10 சுற்று, 20 உதறல். ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் கியர்பாக்ஸுக்கும் தனக்கென்று ஓர் ஆட்டக் கணக்கு உண்டு, ஊஞ்சலுக்கு இருப்பது போல. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். எடை ஏறும்போது ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று தெரிந்தால் போதும். 2 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் சொந்த ஆட்டம் விநாடிக்குச் சுமார் 11. இன்ஜினின் 20 இதைவிட வெகுவாக அதிகம் என்பதால் உதறலின் பெரும்பகுதி ரப்பரிலேயே கரைந்துபோகும். ரப்பர் வயதாகி இறுகி, அதே எடைக்கு அரை மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வையுங்கள். சொந்த ஆட்டம் 22க்கு ஏறிவிடும். 20க்கும் 22க்கும் எவ்வளவு தூரம்? ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளுகிற கை போல, இன்ஜினின் ஒவ்வொரு உதறலும் சரியான நேரத்தில் போய் விழும். சிக்னலில் நிற்கும் பழைய கார்களில் கண்ணாடியும் டாஷ்போர்டும் மொத்தமாக நடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜினைக் குறைசொல்லி டியூனிங்குக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் கீழே குனிந்து ரப்பரைப் பார்ப்பது நல்லது. இது நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம், அதனால் அழுத்தியே சொல்கிறேன்.

ஐடில் நடுக்கம் இப்படி. புறப்படும்போது வேறு கதை. 948 சிசி மைனரின் இன்ஜின் அதிகபட்சம் 68 நியூட்டன் மீட்டர் அளவுக்குத் திருகும். முதல் கியர் அதை ஏறக்குறைய 3.6 மடங்கு ஆக்கிப் பின்னால் அனுப்புகிறது, சுமார் 245. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 25 கிலோ மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. பின்சக்கரத்தை நோக்கி அதை அனுப்பும் இன்ஜினும் கியர்பாக்ஸும் அதே அளவு முறுக்கோடு எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். ‘புரளாதே’ என்று பிடிப்பவை இரண்டு பக்கத்து மவுண்டிங்குகள். மைனரில் இது இன்னொரு வேலையிலும் போய் முட்டுகிறது. அதன் கிளட்ச் பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்க் குழாய் இல்லை, கம்பிகளும் லீவர்களும்தான். மவுண்டிங் தளர்ந்து கியர்பாக்ஸ் புரண்டால் அந்தக் கம்பி தானாக இழுபடும், கிளட்ச் பிடி மாறும், பிடி மாறினால் கியர்பாக்ஸ் மறுபடி புரளும். கிளட்சை விட்டதும் வண்டி தவளை போலத் துள்ளுவதன் பின்னால் பல சமயம் இந்தச் சுழல் இருக்கும்.

ஆக ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும், அளவுக்கு மேல் விட்டுக்கொடுக்கவும் கூடாது. பெருமாள் புறப்பாடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டாம். பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள் தோளில் மடித்த துணி வைத்துத்தான் தண்டை ஏற்றுவார்கள். துணி இல்லையென்றால் தோள் புண்ணாகும். மெத்தையையே வைத்தால் தண்டு நழுவும், பெருமாள் சாய்வார். தோளில் சுமக்கும் அந்த வாகனத்துக்கே ‘தோளுக்கினியான்’ என்று பெயர் வைத்தவர், சுமையின் நோக்கிலிருந்தும் சுமப்பவரின் நோக்கிலிருந்தும் ஒரே சமயத்தில் யோசித்திருக்கிறார். மோட்டார் உலகம் அந்த இடத்துக்கு வர நாளாயிற்று. ஆரம்பகாலக் கார்கள் பலவற்றில் இன்ஜின் நேரடியாகச் சேஸில் முடுக்கப்பட்டிருந்தது. 1931இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம், இன்ஜினின் எடை மையத்தைக் கணக்குப் பார்த்து, அதைச் சுற்றி இயல்பாக அசையும்படி ரப்பரில் தொங்கவிட்டுப் பிளிமத் காரை விற்றது. பிரான்சின் சித்ரோவென் அந்த உரிமையை வாங்கி, நீரில் மிதக்கும் அன்னத்தைச் சின்னமாகப் போட்டுக்கொண்டது.

எங்கள் மைனரில் நான் கழற்றி எடுத்த மவுண்டிங்கில் அன்னம் இல்லை, டயர்தான் இருந்தது. எப்போதோ யாரோ ஒரு மெக்கானிக், ரப்பர் கிடைக்காத நாளில், லாரி டயரை ஓர் அங்குலக் கனத்துக்கு வெட்டிச் செருகியிருக்கிறார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. கொழும்பில் வேலைபார்த்த பெரியப்பா ஓய்வுபெற்றுக் கப்பலேற்றிக் கொண்டுவந்த வண்டி இது, அந்த நாளில் மைசூரில் இதற்கு ஒரு வாஷர்கூடச் சுலபத்தில் கிடைத்திருக்காது. அந்த டயர்த் துண்டுதான் வண்டியைப் பல வருடம் நடமாட வைத்தது. ஆனால் வண்டி கூடவே ஒரு பாட்டையும் கற்றுக்கொண்டது. சின்ன வயதில் அதில் போன எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நஞ்சன்கூடு ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் தரையிலிருந்து ஒரு முனகல் எழும்பும். பெரியம்மா அதை “வண்டி ஜபம் பண்றது” என்பாள்.

அந்த முனகல் ஹூக்கின் இன்னொரு கண்டுபிடிப்பிலிருந்து வந்தது. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் ஒவ்வொரு யூஜே கிராஸ் உண்டு. கிராஸைப் பிடிக்கும் கவட்டைக்கு ஆங்கிலத்தில் ‘யோக்’ என்று பெயர், நம் நுகத்தடிதான். மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் நுகம் செய்வதைத்தான் இங்கே அது சுழற்சிக்குச் செய்கிறது. ஆனால் இந்த இணைப்பில் ஒரு விசித்திரம். இரண்டு தண்டுகளும் ஒரே கோட்டில் இல்லாமல் ஒரு கோணத்தில் நின்றால், ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கொஞ்சம் முந்தும், இரண்டு முறை கொஞ்சம் பிந்தும். கோணம் 3 பாகையாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைக்கும் குறைவு. 10 பாகையானால் நூறில் ஒன்றரை. கோணம் மூன்று மடங்கானதற்குத் தடுமாற்றம் பதினோரு மடங்காகிறது.

அப்படியானால் எல்லாக் காரும் முனகவேண்டாமா? முனகாமல் இருப்பது ஒரு அழகான தந்திரத்தால். பின்முனையின் கிராஸையும் அதே கோணத்தில் வைத்து, இரண்டு நுகங்களையும் ஒரே தளத்தில் பொருத்திவிட்டால், முதல் இணைப்பு முந்தும் நேரத்தில் இரண்டாவது பிந்தும். ஒன்று செய்த தவறை மற்றொன்று அழித்துவிட, பின்சக்கரத்துக்குச் சீரான சுற்றுப் போய்ச் சேரும். இதற்கு ஒரே நிபந்தனை, இரண்டு கோணமும் சமமாக இருக்கவேண்டும். பின்கோணத்தை ஆக்ஸிலும் பட்டைவில்லும் தீர்மானிக்கின்றன. முன்கோணத்தைத் தீர்மானிப்பது கியர்பாக்ஸின் வால் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. அதைத் தீர்மானிப்பது நம் கிராஸ் மெம்பர். வலுவைவிட இந்தக் கோணக் காவல்தான் அதன் பெரிய பொறுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்குக்காக முன் மவுண்டிங்கிலிருந்து பின் மவுண்டிங் வரை ஒரு மீட்டர் என்று வைப்போம். வாலை 17 மில்லிமீட்டர் தூக்கினால் ஒரு பாகை மாறும். ஓர் அங்குல டயர்த் துண்டு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை மாற்றியிருக்கிறது. இரண்டு கோணங்களின் சமன் போயிற்று, அழியாத மிச்சத் தடுமாற்றம் ஷாஃப்டில் தங்கிவிட்டது. மைனரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஷாஃப்ட் விநாடிக்குச் சுமார் 41 முறை சுற்றும். சுற்றுக்கு இரண்டு தடுமாற்றம் என்றால் 82. மூன்று கட்டை ஸ்ருதியில் சேர்த்த வீணையில் மந்தரத் தந்தி ஏறக்குறைய அதே 82இல்தான் அதிர்கிறது. வீணை சேஷண்ணா வாழ்ந்த ஊரில் பெரியம்மாவின் காதுக்கு அது ஜபமாகக் கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

டயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய சட்டத்தைச் சுரண்டிக் கழுவியபோது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. சட்டத்தின் நடுப்பகுதி தொழிற்சாலையிலிருந்து வந்தது போலப் புதிதாக இருந்தது. இரண்டு ஓரங்களும் துருவில் சல்லடை. எண்ணெய் செய்த வேலை அது. இந்த இன்ஜினின் கிராங்க் தண்டுக்குப் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பத் தண்டில் வெட்டிய திருகு வரிகள்தான் உண்டு. இன்ஜின் நின்றால் வரிகளுக்கு வேலை இல்லை, கொஞ்சம் கசியும். கியர்பாக்ஸும் தன் பங்குக்குச் சொட்டும். இப்படி அறுபது வருடமாகச் சொட்டிய எண்ணெய், நடுச்சட்டத்தைக் காற்றும் ஈரமும் தொடவிடாமல் காத்தது. எண்ணெய் எட்டாத ஓரங்களில் மழைக்காலச் செம்மண் அப்பிக்கொண்டு, வெயில் காலத்திலும் ஈரத்தை விடாமல் வைத்திருந்து இரும்பைத் தின்றது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அங்கே இந்தப் பகுதி இன்னும் சீக்கிரம் போய்விடும். இரும்பைக் காத்த அதே எண்ணெய்தான் ரப்பருக்கு எமன். இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளும் எண்ணெயின் மூலக்கூறுகளும் ஒரே குலம், கரியும் ஹைட்ரஜனும். சொந்தக்காரனை வீட்டுக்குள் விடுவது போல ரப்பர் எண்ணெயை உள்ளே விட்டுக்கொண்டு ஊதி, வலுவிழந்து, கூழாகிவிடும். கசிவை முதலில் அடைக்காமல் புது மவுண்டிங் போடுவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

ஓரத்துத் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். முழுச் சட்டத்தையுமே கனமான ஆங்கிள் இரும்பில் புதிதாகச் செய்துவிடலாமே என்று பலரும் சொன்னார்கள். எனக்கு மனமில்லை. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 50 வயது கடந்த, மூல உருவில் காக்கப்பட்ட, சேஸிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வண்டியை வரைந்த அலெக் இஸிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று கடைசி நேரத்தில் அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டவர். பானெட்டின் நடுவில் இன்றும் ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் தழும்பு. இவ்வளவு கண்ணும் கையும் வைத்துச் செய்த ஒன்றில் ஆங்கிள் இரும்பைச் செருக எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களில் மைனரை ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று விற்றது. நாம் அதைச் சீக்கிரம் மறந்துவிட்டோம். இலங்கை மறக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் காலியிலும் ‘மொறிஸ் மைனர்’ வீட்டு மனிதர் மாதிரி. 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்த சார்லஸ் வேர், இலங்கையில் கூட்டாகத் தொழிற்கூடம் தொடங்கி, மைனரின் உடல் தகடுகளை அங்கே செய்வித்து இங்கிலாந்துக்கு வரவழைத்தார். வண்டி பிறந்த தேசத்துக்கே உதிரியை இலங்கைத் தொழிலாளர்கள் அடித்து அனுப்பினார்கள். என் பெரியப்பா கொழும்பில் வாங்கிய வண்டிக்கு நான் தகடு வெட்டிக்கொண்டிருந்தபோது இதுதான் அடிக்கடி நினைவுக்கு வந்தது.

இனி போல்ட். மைனர் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அடுத்த மாதமே பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஒரே மரை அளவுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டன. அதுவரை பிரிட்டிஷ் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60. உலகப்போரில் ஒரே அணியில் நின்று சண்டை போட்டவர்களின் போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. அந்த வலியில் பிறந்தது யூஎன்எஃப் மரை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் எங்கும் பார்க்கும் 3/8 அங்குல போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இன்று கடையில் சுலபமாகக் கிடைக்கும் 10 எம்எம் போல்ட்டில் அதே நீளத்துக்கு ஏறக்குறைய 17தான். கனம் அரை மில்லிமீட்டர் கூட. அதைப் பழைய துளையில் பலவந்தமாக ஏற்றினால் முதலில் ஏறுவது போலத்தான் ஏறும். உள்ளே பெட்டிச் சட்டத்துக்குள் பற்றவைத்திருக்கும் நட்டின் மரையைச் சீவிக்கொண்டே ஏறும். அந்த நட்டுக்கு வெளியிலிருந்து கை எட்டாது. சுத்தியலை பாய் தடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

போல்ட் பிடிப்பது எப்படி என்பதும் நான் நினைத்திருந்தது போல இல்லை. முடுக்கும்போது போல்ட் இம்மியளவு நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிற இழுவிசைதான் இரண்டு தகடுகளையும் கவ்விப் பிடிக்கிறது. இங்கேயும் ஹூக்கின் வில். நாம் ஸ்பேனரில் செலவழிக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கடியிலான உராய்விலும், பத்தில் நாலு பங்கு மரையின் உராய்விலும் போய்விடும். போல்ட்டை நீட்ட மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. துருப்பிடித்த மரையில் அந்த ஒரு பங்கும் கிடைக்காது. கைக்கு இறுகின மாதிரி இருக்கும், கவ்வல் இருக்காது. அதனால் டேப் போட்டு ஒவ்வொரு மரையையும் சுத்தம் செய்தோம், துணியால் துடைத்தோம்.

பிறகு பாய் சொன்ன வரிசை. கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கினோம். ஏறியிருந்த எல்லா போல்ட்டையும் திரும்பத் தளர்த்தினோம். இதைத்தான் முதல் நாளே செய்திருக்கவேண்டும். மூன்றை இறுக்கிவிட்டு நாலாவதைத் தேடினால், இறுகிய மூன்றும் சேர்ந்து பிழை முழுவதையும் அந்த ஒரு துளையில் கொண்டுபோய்த் தள்ளும். எல்லாவற்றையும் தளரவிட்டால் பிழை எல்லாத் துளைக்கும் பங்காகும், எந்தத் துளைக்கும் அது பாரமாக இருக்காது. கூம்பு முனைக் கம்பியைக் கடைசித் துளையில் விட்டு மெதுவாக நெம்பினேன். அடுத்த துளையில் தளர்ந்திருந்த போல்ட்டை விரலாலேயே திருகினேன். ஏறியது. கம்பியை எடுத்துவிட்டு அங்கேயும் விரலால்.

ரப்பரின் நட்டுகளை மட்டும் அப்போது இறுக்கவில்லை. ரப்பரை அமுக்கினால் அது சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். அதன் கன அளவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. கியர்பாக்ஸ் ஜாக்கியில் கோணலாகத் தொங்கும்போது இறுக்கிவிட்டால், அந்தக் கோணலையே தன் இயல்பாக நினைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க முறுகி நிற்கும். ஜாக்கியை இறக்கி முழு எடையும் ரப்பரில் உட்கார்ந்த பிறகு, இன்ஜினைக் கையால் இரண்டு தடவை ஆட்டிவிட்டு, அப்புறம்தான் இறுக்கினோம். “இங்க ஸ்வல்ப, அங்க ஸ்வல்ப” என்று பாய் மாற்றி மாற்றிச் சொல்ல, நான் முடுக்கினேன். கடைசியில் டார்க் ரெஞ்ச். ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் சட்டத்துக்கு ஒரு கோடாக மஞ்சள் பெயிண்ட் தீட்டினார். போல்ட் திரும்பினால் கோடு உடையும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சாமுண்டி மலை ஏறினோம். வளைவுகளில் இரண்டாம் கியர், செங்குத்தான இடத்தில் முதல் கியர், அந்த 245 நியூட்டன் மீட்டரும் முழுசாக வேலை செய்த பாதை. நந்தி சிலைக்கு அருகில் நிறுத்தி ஐடிலில் விட்டேன், கண்ணாடி நடுங்கவில்லை. இறங்கி நஞ்சன்கூடு ரோட்டுக்குத் திரும்பி 60 தொட்டேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “ஜபம் நின்னுடுத்தே” என்றாள்.

வீட்டுக்கு வந்து கோணியை விரித்து அடியில் நுழைந்தேன். மஞ்சள் கோடுகள் எல்லாம் முழுசாக இருந்தன. கியர்பாக்ஸின் வாலில் மட்டும் புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் திரண்டு நின்றது. நாளைக்கு அந்த சீல்.